சமைக்க நேரமே இல்லாத கம்பெனி வேலை. ஓட்ஸ், புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் ரூம், பாண்டிச்சேரி சேதராப்பட்டில் வேலை. காலை 6:45க்குக் கம்பெனி பஸ், திரும்பி வர ஏழரை. மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிப்ட். சமைக்க நேரமில்லை, உடம்பு அசதியாகவே இருக்கிறது. ஓட்ஸும் புரோட்டீன் பவுடரும் வாங்கினால் சரியாகுமா?

பவுடர் வேண்டாம். ஓட்ஸ் பிடித்தால் சாப்பிடுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அதில் கெடுதலும் இல்லை, மாயமும் இல்லை.

இரண்டு மூன்று பேர் தங்கும் ரூம், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், ஃபிரிட்ஜ் கிடையாது, குழாயில் வருவது உப்புத் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஃபிரிட்ஜ் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும். சர்க்கரை, பிரஷர், கிட்னி என்று ஏற்கெனவே டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பவர்கள் அவர் சொல்வதைக் கேட்கவும். கீழே வந்து என்னைத் திட்ட வேண்டாம்.

முதலில் பவுடர் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட அளவின்படி ஆரோக்கியமான ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு. 60 கிலோ ஆள் என்றால் 50 கிராம். இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி மல்லாட்டையில் (வேர்க்கடலை, 30 கிராம்) 7, 40 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை வேகவைத்த சுண்டலில் 8, 40 கிராம் துவரம்பருப்பில் 9, ஒரு டம்ளர் தயிரில் 6. இதற்கே 42 ஆகிவிட்டது. சோறும் இட்லியும் தங்கள் பங்குக்கு 15 கிராமுக்குக் குறையாமல் தரும். முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டலையும் தயிரையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும். டப்பா பவுடருக்குக் கொடுக்கும் காசில் மாசம் முழுக்க முட்டையும் கடலையும் வாங்கி, மிச்சத்தில் ஒரு நல்ல ஹாட்பாக்ஸும் வாங்கலாம். ஜிம்முக்குப் போகிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கேட்டவர் ஜிம்முக்குப் போகவில்லை, பஸ்ஸில் போகிறார்.

சரி, அசதி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் எல்லோரும் மதியச் சாப்பாட்டைத்தான் குறை சொல்கிறார்கள். என் கணக்கில் நாள் கெட்டுப்போகும் இடம் இரண்டு: காலை பதினொரு மணி, சாயங்காலம் ஐந்தரை. காலையில் அரைவயிறாக ஏறியவர் பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், மதியம் பசி அடங்காமல் மலையாகச் சோறு, ஐந்தரைக்குக் கேட்டுக்கு வெளியே இரண்டு போண்டாவும் இன்னொரு டீயும், அந்த எண்ணெயில் பசி மந்தித்து, ராத்திரி ஒன்பதரைக்குப் பரோட்டா. அதனால் சாப்பாட்டு டப்பாவைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு சின்ன டப்பா வேண்டும். அதில் பாதி பதினொரு மணிக்கு, பாதி பஸ் ஏறும் முன்.

அந்த டப்பாவுக்குச் சுண்டல்தான் ராஜா. ஆனால் நம் ஊரில் சுண்டல் பலருக்குக் கைகூடாமல் போகக் காரணம் தண்ணீர். கடலோரப் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை பயறின் செல் சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசையோடு சேர்ந்து இறுகிவிடும். பத்து விசில் விட்டாலும் கொண்டைக்கடலை கல்லாகவே நிற்கும். 'கடலை மட்டம்' என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஊறவைப்பது, வேகவைப்பது இரண்டுக்கும் கேன் தண்ணீரே ஊற்றுங்கள், கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர். சோடா உப்பு போட்டாலும் வேகும்தான். ஆனால் பி1 வைட்டமின் போய்விடும், சிட்டிகை கூடினால் சோப்பு வாடை வரும். வருஷம் தாண்டிய பழைய கடலையும் வேகாது. அதனால் மொத்தமாகக் கிலோக்கணக்கில் வாங்கி அடுக்காமல் அரைக் கிலோ, அரைக் கிலோவாக வாங்குங்கள்.

அளவு: ஆளுக்கு 40 கிராம் உலர்ந்த கடலை, மூன்று மடங்கு தண்ணீர், எட்டு முதல் பத்து மணி நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊறப்போட்டால் சரியாக வரும். சித்திரை, வைகாசி வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால் நுரை கட்டி வாடை அடிக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கும் அளவுக்குப் புதுத் தண்ணீர், உப்பு, ஆறு விசில். எழுந்ததும் குக்கரை ஏற்றினால் கிளம்புவதற்குள் ஆவி அடங்கிவிடும். தண்ணீரை ஒட்ட வடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, வாணலியில் ஈரம் வற்றும்வரை இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். தேங்காய் போடாதீர்கள். பச்சை வெங்காயமும் வேண்டாம். கோவில் சுண்டலில் தேங்காய் இருக்கிறதே என்றால், அது அரை மணியில் தீர்ந்துவிடும் சுண்டல். உங்களுடையது ஐந்தரை மணிவரை பையில் கிடக்கப் போகிறது. பிடிக்கிறது என்றால் எலுமிச்சம்பழம் ஒரு மூடி எடுத்துப் போய்ச் சாப்பிடும்போது பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, கடலையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள உதவும்.

ஊறப்போட மறந்த நாளில் பச்சைப்பயறு: ஊறவே வேண்டாம், மூன்று விசில். காராமணி ஒரு மணி நேரம் ஊறினால் நான்கு விசில். முளைகட்டிய பயறு என்று சொல்லிக்கொண்டு பச்சையாகவே தின்பது நம் புழுக்கத்துக்கு ஆகாது. முளை விடும் சூட்டில்தான் கிருமியும் பெருகும். ஐந்து நிமிடமாவது ஆவியில் வைத்துத் தின்னுங்கள்.

அடுப்பே பற்ற வைக்க முடியாத நாளில் மல்லாட்டையும் பொட்டுக்கடலையும். மல்லாட்டை விளையும் சீமையில் உட்கார்ந்துகொண்டு பாதாமுக்கு ஏங்குவது எனக்குப் புரிவதில்லை. பாதாம் நல்லதுதான், அந்த விலைக்கு நல்லதா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் கவனம்: சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது, வாயில் கசப்பது எதுவானாலும் துப்பிவிடுங்கள். பூசணத்தில் வரும் அஃப்ளடாக்சின் ஈரலுக்கு விஷம், வறுத்தாலும் முழுசாகப் போகாது. தோலோடு வாங்கி நீங்களே உரிப்பது நல்லது. அவித்த மல்லாட்டை அன்றைக்கே தீர வேண்டும்.

முட்டையை அவித்துக் கையோடு எடுத்துப் போகலாம், ஆனால் ஓட்டோடு. கொதித்த பிறகு பத்து நிமிடம், உடனே பச்சைத் தண்ணீரில் போடவும். பஸ்ஸிலேயோ போய் இறங்கியதுமோ சாப்பிட்டுவிடுங்கள். சாயங்காலத்துக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம், கெட்டது இல்லை.

டீயைப் பற்றி இரண்டு வரி. கடை டீயில் குறைந்தது இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது 10 கிராம். நாலு டீ என்றால் 40. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'அரைச் சர்க்கரை' என்று சொல்லிப் பழகினால் இரண்டு வாரத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீயின் துவர்ப்பு இரும்புச்சத்தைக் கட்டிப் போட்டுவிடும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து ஆண்களுக்கு 19 மில்லிகிராம் வேண்டும், பெண்களுக்கு 29. கம்பெனி லைனில் வேலை செய்யும் தங்கச்சிகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் அசதிக்குப் பாதிக் காரணம் ரத்தசோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபின் டெஸ்ட் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். உங்களுக்கும் அசதி மூன்று வாரத்தில் குறையாவிட்டால் அதை எடுத்துப் பாருங்கள்.

இனி மதியச் சோறு. 2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2000 கலோரிக்கு ஒரு தட்டுக் கணக்கு இருக்கிறது: தானியம் 250 கிராம், காய் கீரை 400, பழம் 100, பருப்பு முட்டை மீன் வகை 85, பால் தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35, எண்ணெய் 27. (மூட்டை தூக்குகிறவர், மேஸ்திரி வேலைக்காரருக்கு இது போதாது. உட்கார்ந்தும் நின்றும் மெஷின் பார்ப்பவருக்குப் போதும்.) நம் ஆட்கள் சாப்பிடுவது என்ன? காலை நாலு இட்லியில் 60, 70 கிராம், மெஸ்ஸில் மூன்று முறை சோறு வாங்கினால் 200, ராத்திரி மூன்று பரோட்டாவில் மைதா 150. தானியம் மட்டும் 400 தாண்டுகிறது, காய் 100 கூட இல்லை. ஒரு ஆழாக்கு அரிசி சுமார் 140 கிராம். அதை இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். சோறு எவ்வளவோ, காய் கூட்டு வெஞ்சனமும் அவ்வளவு.

காலையில் 25 நிமிடத்தில் முடிக்க, முந்தின ராத்திரி காயை அரிந்து வைத்திருக்க வேண்டும். அடுக்குக் குக்கரில் கீழே பருப்பு 40 கிராம், மஞ்சள் தூள், இரண்டு சொட்டு எண்ணெய், கேன் தண்ணீர், நடுவில் அரிசி, மேலே பெரிதாக அரிந்த பூசணி, சுரைக்காய், அவரை எதுவானாலும் தண்ணீர் விடாமல். நாலு விசில். தக்காளி, புளி எதையும் பருப்போடு சேர்த்து வைக்காதீர்கள். புளிப்பு விழுந்தால் பருப்பு மசியாது. இறக்கியபின் பருப்பில் ஒரு பிடி முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ போட்டு ஐந்து நிமிடம், பூண்டு தாளித்தால் கூட்டு. கெட்டியாக இருக்கட்டும், ரசம் மாதிரி ஓடினால் அதில் பருப்பு எங்கே இருக்கிறது?

டப்பா கட்டுவதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கச் சோற்றை அடைத்து மூடினால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும், அந்த ஈரத்தில் மதியம் ஒரு மணிக்குள் ஊசல் வாடை வந்துவிடும். தாம்பாளத்தில் பரப்பி ஃபேன் அடியில் பத்து நிமிடம் வைத்து, வெதுவெதுப்பு ஆனதும் எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். குழம்பு தனி டப்பா, சாப்பிடும்போதுதான் பிசைய வேண்டும். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் பருப்பு, மிளகாய், புளி வறுத்து அரைத்த துவையல். தயிர்சாதம் புளிக்காமல் இருக்க, குழைந்த சோற்றில் வெதுவெதுப்பான பால் 150 மில்லி ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து கட்டுங்கள். மதியத்துக்குள் அதுவே தோய்ந்திருக்கும். வாரம் முழுக்க எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு என்று ஓட்டாதீர்கள். கெடாது, உண்மைதான், ஆனால் அது அரிசியும் எண்ணெயும் மட்டும்.

ராத்திரிச் சோறு மிஞ்சினால் அப்படியே மூடி வைத்துக் காலையில் தாளிப்பது ஆபத்து. சோற்றில் வளரும் பாசில்லஸ் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. அது விடும் ஒருவகை விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி அதிலிருந்துதான். அதற்குத்தான் நம் வீடுகளில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஆறிய சோற்றில் இரண்டு விரல்கடை மேலே நிற்கும்படி கேன் தண்ணீர், உப்பு போடாமல், எட்டு மணி நேரம். உப்பு காலையில். நூல் விட்டாலோ நாற்றம் மாறினாலோ கொட்டிவிடுங்கள். மோர், சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி மல்லாட்டை சேர்த்தால் முழுக் காலைச் சாப்பாடு. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸாப்பில் வருவதை நம்பி முட்டையையும் பாலையும் நிறுத்திவிட வேண்டாம். அது வயிற்றுக்கு நல்லது, லேசானது, காசு மிச்சம். அதற்கு மேல் புகழ வேண்டியதில்லை.

கேழ்வரகுக் கூழும் இப்படித்தான். நூறு கிராம் மாவில் 364 மில்லிகிராம் கால்சியம், அரிசியால் பக்கத்தில் வர முடியாது. ஆளுக்கு 40 கிராம் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ராத்திரி புளிக்க விட்டு, காலையில் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிப் பத்து நிமிடம் கிண்டவும். நனைத்த விரலில் ஒட்டாமல் வந்தால் வெந்தது. மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும். ஆறியதும் மோர் விட்டு பாட்டிலில் எடுத்துப் போகலாம். 'சர்க்கரைக்காரர் எவ்வளவும் குடிக்கலாம்' என்பது மட்டும் தப்பு. நைஸ் மாவுக் கூழ் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும்.

மீன். கடலூரில் இருந்துகொண்டு வஞ்சிரம் விலையைப் பார்த்து மீனே வேண்டாம் என்று சொல்லக்கூடாது. முதுநகர் பக்கம் காலையில் போனால் கவலை, மத்தி, நெத்திலி கிடைக்கும். நல்ல கொழுப்பு விஷயத்தில் மத்தி எந்த விலை மீனுக்கும் சளைத்ததில்லை. நெத்தலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் சேர்த்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு தடைக்காலம், விலை ஏறும். அந்த இரண்டு மாதம் முட்டைக்கு மாறுங்கள். கருவாட்டுக்கு ஓடினால் உப்பை நினைவில் வையுங்கள், நாளைக்கு 5 கிராம்தான் கணக்கு. வெந்நீரில் இரண்டு முறை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வையுங்கள். (ஃபிளாட்டில் மீன் கழுவினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்றால் அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

நைட் ஷிப்ட் வாரம்: பெரிய சாப்பாட்டைக் கிளம்பும் முன் எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள். ஒரு மணிக்குச் சின்ன டப்பாவும் மோரும் போதும். அந்த நேரத்தில் செரிமானம் மந்தம். பிரியாணி அடித்தால் மூன்று மணிக்குக் கண் செருகும், நெஞ்சு எரியும். கடைசி டீ இரண்டு மணிக்குள். காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். காலையில் இரண்டு மூன்று இட்லியோடு படுங்கள். பட்டினியாகப் படுத்தால் பத்து மணிக்குப் பசி எழுப்பிவிடும்.

வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அளவுச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி, கூட்டு பொரியல் இன்னொரு கிண்ணம் காசு கொடுத்தாவது வாங்குங்கள். போண்டா, பஜ்ஜி எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 25 சதவீதப் போலார் சேர்மம் (எண்ணெய் கெடக் கெட அதில் கூடும் பொருள்) என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பே வைத்திருக்கிறது. கடையில் யார் அளக்கிறார்கள்? நியூஸ் பேப்பரில் மடித்துக் கொடுப்பதும் கூடாது என்று விதி. அந்த மை உங்கள் வடையில்தான் இறங்குகிறது.

பாண்டிக்குப் போய்வருகிறவர் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு குவார்ட்டரில், 180 மில்லியில், சாராயச் சத்து 42.8 சதவீதம். எடையில் சுமார் 60 கிராம், 420 கலோரிக்கு மேல். ஏழு இட்லிக்குச் சமம், ஆனால் இட்லியில் இருப்பது எதுவும் அதில் இல்லை. மிக்ஸ்சரும் சிக்கன் பக்கோடாவும் தனிக் கணக்கு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எல்லோரும் தொழிலாளியிடம் 'நல்லா சாப்பிடுங்க, மென்னு சாப்பிடுங்க' என்கிறார்கள். எப்போது? 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு வேண்டும், 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்று எழுதினார்கள். அரை மணி கொடுக்கிறார்கள். அதில் லைனிலிருந்து கேன்டீன் வரை நடை, கை கழுவ வரிசை, டோக்கன் வரிசை, தட்டு வரிசை எல்லாம் போக ஒன்பது, பத்து நிமிடம் மிஞ்சும். பத்து நிமிடத்தில் விழுங்கியவனுக்கு 'மெதுவாகச் சாப்பிடு' என்று சுவரில் போஸ்டர் வேறு. வீட்டு டப்பா கொண்டு போகச் சொல்வதற்குச் சத்து மட்டும் காரணமில்லை, அந்த இரண்டு வரிசை மிச்சம்.

பழத்துக்கு நாளைக்கு ஒரு கொய்யா, அல்லது வாழைப்பழம். பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் கொட்டையை எறியாமல் காயவைத்துக் குழம்பில் போடுங்கள்.

கடைசியாக, டப்பா மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். சோறு சரியாக இருந்தும் டப்பா திறந்ததும் வாடை அடிக்கிறது என்றால் பத்தில் எட்டு முறை அந்த வளையத்துக்கு அடியில்தான் இருக்கும். வளையம் கறுத்துவிட்டால் பாத்திரக்கடையில் தனியாகவே கிடைக்கும். பழைய வளையத்தை எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்கவும்.